யாரிடம் பேசுகிறது தோட்டத்துக் கவிதை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அங்கேயே ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கும் ஒருவர் கவிதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கவிதை சென்னையில் அச்சேறினால் ‘அயலகத் தமிழ்க் கவிதை’ என்ற தலைப்பின்கீழ் வரும். டொரண்டோவிலோ பாரிஸிலோ வெளியாகும் தொகுப்பில் சேர்ந்தால் ‘புலம்பெயர் கவிதை’ ஆகிவிடும். மலேசியாவின் வகைப்பாட்டிலோ, மலாய்மொழியில் எழுதப்படாத காரணத்தால் அது தேசிய இலக்கியத்தில் சேராது. ஓர் இனத்தாரின் இலக்கியமாக ஒதுங்கிவிடும். எழுதியவரோ நான்காம் தலைமுறை. கப்பல் ஏறியவர் அவருடைய பூட்டன். இவர் எங்கிருந்தும் புலம்பெயர்ந்து வந்தவர் இல்லை.

தமிழ்நாட்டு அரசு ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடும்போதும், மலேசிய அரசியல் மேடையில் யாராவது ‘பெண்டாத்தாங்’, அதாவது வந்தேறி, என்று வாய்விடும்போதும் இந்தக் குழப்பம் மேலே வருகிறது. மலேசியத் தமிழ்க் கவிதையை வாசிக்கத் தொடங்கும் இளையவர்கள் கேட்பதும் இதுதான்: இது வந்தவர்களின் கவிதையா, இங்கேயே இருப்பவர்களின் கவிதையா?

இதற்கு விடை தேடுகிறவர்கள் வழக்கமாகக் கவிதைக்குள் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். பனைமரமும் காவிரியும் வந்தால் தாயக ஏக்கம் என்பார்கள். பால்மரமும் (ரப்பர் மரம்) நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் வந்தால் மண்ணின் மணம் என்பார்கள். இந்த முறை பல நேரம் தவறான முடிவுக்கே கொண்டுபோய்விடும். பனைமரத்தைப் பாடிக்கொண்டே ஒருவர் இந்த நாட்டில் வேரூன்றி நிற்கலாம். ரப்பரைப் பாடிக்கொண்டே மனத்தளவில் நாகப்பட்டினத்தில் இருக்கலாம். கவிதை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதோடு நின்றுவிடாமல், யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்டால் படம் தெளிவாகிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வரவில்லை

1. ஒப்பந்தக் கூலிகள். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு ஆள்கள் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். கப்பல் கட்டணமும் முன்பணமும் கடனாகக் கணக்கில் ஏறும். கடனும் காலமும் தீரும்வரை தோட்டத்தை விட்டு விலக முடியாது. மலாயாவுக்கு இப்படி ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது.

2. கங்காணி வழியாக வந்தவர்கள். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரைத் துரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவர் உறவு, சாதி, ஊர்ப் பழக்கத்தை வைத்து ஆள் திரட்டிக்கொண்டு வருவார். ரப்பர் பெருகிய காலத்தில் வந்தவர்களில் பெருந்தொகையினர் இந்த வழியில் வந்தவர்கள். குடும்பங்களாகவும் வந்ததால் தாலாட்டும் ஒப்பாரியும் கூடவே வந்தன. கூலியாள்களை அனுப்புவதற்கு இந்தியா 1938இல் தடை போட்டதோடு இது முடிந்தது.

3. தோட்டத்துக்கு வந்தும் பால்வெட்டும் உளியைக் கையில் பிடிக்காதவர்கள். கிராணிமார் (தோட்டக் கணக்கர்கள்), ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும் இவர்களில் உண்டு. மலாயாவில் அச்சில் வந்த தொடக்ககாலக் கவிதை பெரும்பாலும் எழுத்தறிவு வாய்த்த இவர்களுடையது. பால்மரம் வெட்டியவர்களின் கவிதை வாயில்தான் இருந்தது.

இந்த மூன்றாவது பிரிவை மறந்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1887 முதலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டித் தருகிறது. அச்சான கவிதைக்கு அந்த நீண்ட வரிசை இருக்கிறது. வாய்ப்பாட்டுக்கு அப்படித் தேதி போட்ட வரிசை கிடையாது.

சுங்கை சிப்புட்டை இந்த வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகும் வழியில் உள்ள தோட்டப் பட்டணம் இது. உலக வரலாற்று நூல்களில் இந்த ஊரின் பெயர் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக: 16 ஜூன் 1948 அன்று இங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்கள் பல இடங்களில் முள்வேலிக்குள் திரட்டிக் குடிவைக்கப்பட்டார்கள். அந்த மூன்று பேரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அதே தோட்டங்களில் காய்ச்சலிலும் பாம்புக்கடியிலும் போனவர்களின் பெயரைச் சொல்லி அழுதது ஒப்பாரி மட்டும்தான்.

எழுதப்படாத கவிதை யாரிடம் பேசியது

பால்வெட்டு விடியுமுன்னே தொடங்கும் வேலை. வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். பட்டையை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், வெட்டுகிறவருக்கு மண்டோரின் (மேற்பார்வையாளரின்) வசவு. வெட்டி முடித்து, மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியிலும் துண்டு விழும்.

இந்த வேலையில் ஆள்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குரல் மட்டும் அடுத்த நிரைக்குக் கேட்கும். தோட்டப் பாடல்களில் துரையும் கங்காணியும் ‘அவன்’ என்று படர்க்கையில் வருவதற்கு இந்த அமைப்பே காரணம் என்று நினைக்கிறேன். பால்மரம் வெட்டலாம் என்று கப்பலேறி வந்த என்னை, சில்லறைக் காசைக் கொடுத்து நட்டெலும்பை முறிக்கிறானே என்கிற பொருளில் ஒரு பாட்டு உண்டு. முறிக்கிறவனிடம் முறையிடும் பாட்டு இல்லை அது. முறிபடுகிற இன்னொருவருக்கு, நிரை தாண்டி, காதில் விழச் சொல்வது. மனுக் கொடுப்பதும் சக தொழிலாளியிடம் புழுங்கிக் கொட்டுவதும் வேறு வேறு. இந்தப் பாடல்களை ‘முறையீட்டுப் பாடல்கள்’ என்று வகைப்படுத்துவது பொருத்தமாகப் படவில்லை.

இதன் பக்கத்தில் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’யை வைத்துப் பாருங்கள். பிஜித் தீவுக் கரும்புக் காட்டில் வதைபட்ட பெண்களைப் பற்றித் தமிழில் எழுந்த மாபெரும் பாடல் அது. ‘நாட்டை நினைப்பாரோ’ என்று பாரதி கேட்கிறார். யாரிடம்? அந்தப் பெண்களிடம் பேச அவருக்கு வழியில்லை. கடல் குறுக்கே கிடக்கிறது. அதனால் காற்றிடம் கேட்கிறார்: நீ அவர்கள் விம்மி அழும் குரலைக் கேட்டிருப்பாய், அவர்கள் அழுத சொல்லை எனக்குச் சொல்ல மாட்டாயா என்று. கடைசியில் காளியை அழைக்கிறார். பாடலின் ஆற்றல் முழுவதும் அந்த எட்டாத தூரத்திலிருந்து பிறக்கிறது. கரையில் நின்று கடலுக்கு அப்பால் காதைத் தீட்டிக் கேட்கிறவனின் கவிதை அது. கடலைக் கடந்தவர்களின் கவிதை அதற்கு நேர் எதிரே நிற்கிறது. அங்கே தூரத்தைவிடப் பெரிது கூலி, பசி, பிள்ளை.

இலங்கை மலையகத்தில் பிறந்த பாட்டொன்று தமிழர் பலருக்கும் தெரியும்:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்.

இதை ஏக்கப் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். கடைசி அடியைக் கவனிக்க வேண்டும். தாயை இழந்தேன் என்று முடித்திருந்தால் அது ஏக்கம். மறந்தேன் என்று முடிகிறது. முதல் இரண்டு அடியில் இழந்ததற்குக் காரணம் வெளியே இருக்கிறது. நான்காம் அடியில் குற்றம் தன்மேலேயே விழுகிறது. வந்த இடம் என்னை மாற்றிவிட்டது, நான் பழைய ஆள் இல்லை என்ற ஒப்புதல் அது. பாட்டு தாயைப் பற்றியதுதான். ஆனால் தாயிடம் பேசவில்லை. தன்னோடு தானே பேசுகிறது.

தாலாட்டு, ஒப்பாரி இரண்டும் இன்னும் நேரடியானவை. தமிழ்த் தாலாட்டில் தாய்மாமன் சீர் கொண்டு வருவான். தோட்டத்துத் தாய்க்கோ அண்ணன் தம்பி கடலுக்கு அப்பால் இருக்கலாம். பாட்டில் மட்டும் மாமன் வந்துகொண்டே இருப்பான். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வெட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பாட்டைப் பாடக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம். ஒப்பாரி இறந்தவரையே விளித்துப் பாடுவது. இறந்தவர் படுத்திருப்பது இந்த மண்ணில். ஒரு தோட்டத்தில் முதல் ஒப்பாரி எழுந்த அன்றைக்கே அந்த மண்ணோடு பேச்சு தொடங்கிவிட்டது. குடியுரிமைச் சட்டங்கள் வருவதற்குப் பல காலம் முந்தியது அது. பாடியவர்கள் பெண்கள், பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். மலேசியத் தமிழ்க் கவிதையின் வரலாறு இந்தப் பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘ஊர்’ யாருக்கு ஊராக இருந்தது?

தாயக ஏக்கத்தைப் பற்றிப் பேசும்போது பலர் தொடாமல் போகும் இடம் ஒன்று உண்டு. தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் விட்டுவந்த கிராமத்தில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவரிடம் போய், ஊரை நினைத்து உருகு என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்கும் சாதி வந்தது. சில இடங்களில் லயங்களே, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளே, சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஆனாலும் வெளியேறியது ஒரு விடுதலை என்று எண்ணியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

ஆகவே ஆற்றங்கரை, தேரோட்டம், பண்ணையாரின் தோப்பு என்று உருகும் கவிதையைப் பார்க்கும்போது, இது யாருடைய நினைவு என்று கேட்பது நியாயம். பல நேரங்களில் அது கிராணி வீட்டு நினைவாக இருக்கும். பெரியார் 1929-30இல் மலாயாவுக்கு வந்துபோன பிறகு இங்கே வேகம் பெற்ற சுயமரியாதை இயக்கம் இந்த ஏக்கக் கவிதைக்கு ஓர் எதிர்க்குரலைக் கொடுத்தது. தாயகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டு, கள்ளுக்கடை வாசலில் நிற்கும் தொழிலாளியைப் பார்த்து ‘தம்பி’ என்று பேசும் கவிதைகள் வந்தன. அறிவுரை தூக்கலாக இருந்ததால் அவற்றில் பல இன்று வாசிக்கச் சலிப்பூட்டலாம். முகவரி மாறியது என்ற அளவில் அவை பெரிய திருப்பம்: கேட்கிறவர் இங்கேதான் இருக்கிறார் என்று அவை நம்பின.

ஒரே செய்தி, மூன்று முகவரி

முகவரி மாறினால் கவிதையில் என்ன மாறும் என்பதைக் காட்ட, இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய சில அடிகளைத் தருகிறேன். செய்தி ஒன்றே: மீசை அரும்பும் வயதில் வந்த ஒருவருக்கு இங்கேயே தலை நரைத்துவிட்டது.

1. தாயிடம் சொன்னால்:

ஆத்தா, நீ முடிஞ்சு தந்த
அரைப்படிக் கம்பு தீந்துருச்சு;
ஆறு மாசம் போனா வாரேன்னேன்,
அரும்பு மீச நரச்சுருச்சு.

2. பதிவு அலுவலக முகப்பில் சொன்னால்:

அரும்பு மீசையோடு வந்தேன், ஐயா,
நரைத்த மீசையோடு நிற்கிறேன்.
அட்டையின் நிறம் மட்டும்
இன்னும் சிவப்பு.

3. பேரப்பிள்ளையிடம் சொன்னால்:

எப்போது நரைத்தது என்று கேட்காதே,
எந்த மரத்தடியில் என்று கேள்.
அந்த மரம் நின்ற இடத்தில்தான்
உன் பள்ளிப் பேருந்து நிற்கிறது.

முதலாவதில் நரை ஒரு தவறிய வாக்கு. மகன் தாய்க்குக் கணக்குச் சொல்கிறான். அவன் இருக்க வேண்டிய இடம் இன்னும் அங்கேதான். இரண்டாவதில் நரை ஒரு சான்று. இத்தனை ஆண்டு இருந்துவிட்டேன், இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று அது காத்து நிற்கிறது. மூன்றாவதில் நரைக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை. கிழவர் பேரனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறார். இந்த மூன்றிலும் மிகக் குறைவாகப் புலம்புவது மூன்றாவது. இந்த நாட்டில் அழுத்தமாகக் கால் ஊன்றி நிற்பதும் அதுதான்.

காலவரிசைப்படி ஒன்று முடிந்து அடுத்தது வந்தது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றும் ஒரே தலைமுறையில், சில நேரம் ஒரே கவிஞரிடம் உண்டு. எது மேலோங்குகிறது என்பதைப் பெரும்பாலும் நாட்டு நடப்பு தீர்மானித்திருக்கிறது.

அடையாள அட்டையின் நிறம்

இரண்டாவது வகைக் கவிதை ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது.

31 ஆகஸ்ட் 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ‘எதற்கு இதெல்லாம், துரைதான் பார்த்துக்கொள்வாரே’ என்று இருந்தவர்கள் எனப் பலர் விடுபட்டுப்போனார்கள். குடிமகனுக்கு நீல அடையாள அட்டை. நிரந்தரவாசிக்குச் சிவப்பு. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969இலிருந்து குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே முதுகு வளைந்தவர்கள் அந்தச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே கிளம்பிப் போனார்கள்.

அப்படிப் போன குடும்பத்தில் தோட்டத்தில் பிறந்த பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அதற்கு எது தாயகம்? பெரியவர்கள் திரும்பினார்கள், பிள்ளை புலம்பெயர்ந்தது. எனக்குத் தெரிந்தவரை நம் கவிதையில் இந்தப் பிள்ளையின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் அதைத் தேட வேண்டும்.

தங்கிவிட்டவர்களுக்கு அந்த ஆண்டுகள் கற்றுக்கொடுத்தது ஒன்று: நீ யார் என்பதை முகப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முடிவு செய்வார். கவிதையும் அந்த முகப்பைப் பார்த்துத் திரும்பியதில் வியப்பில்லை.

உரிமை கோரும் இரண்டு வழிகள்

நாட்டைப் பார்த்துப் பேசும் கவிதைகள் பொதுவாக இரண்டு வாதங்களில் ஒன்றைக் கையில் எடுக்கும்.

முதலாவது, தொன்மை. ‘பட்டினப்பாலை’ பேசும் ‘காழகத்து ஆக்கம்’ (காழகம் என்பது கடாரம், இன்றைய கெடா என்பர்), 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டது, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த கோயில் அடித்தளங்கள் என்று அடுக்கி, நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை என்று சொல்வது. கவியரங்கில் கைதட்டல் வாங்கும் வாதம் இது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படையெடுத்து வந்த மன்னனின் பெயரைச் சொல்லி ஒரு கூலித் தொழிலாளியின் பேரன் உரிமை கேட்பது பொருந்தாது. அந்த மன்னனின் வெற்றிக்கும் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, கப்பலேற்றியது வறுமை. இன்னொன்று, படையெடுப்பைப் பெருமையாகச் சொன்னால் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அதை எப்படிக் கேட்பார் என்றும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, உழைப்பு. காடு திருத்தினோம், பாதை போட்டோம், ரயில் பாதை போட்டோம், ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரமாயிரமாகச் செத்தோம். இது உண்மை, கனமான உண்மை. 1942-43இல் கட்டப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. ஆனாலும் இதைக் கவிதையின் ஒரே வாதமாக்கினால் ஒரு சிக்கல் வருகிறது. உழைத்தோம், ஆகவே இடம் கொடுங்கள் என்றால் அது பாக்கி கேட்பது போல ஆகிவிடுகிறது. கொடுப்பவர் ஒருவர் இருந்துகொண்டே இருப்பார். கேட்பவர் கேட்டுக்கொண்டே இருப்பார். உழைக்க முடியாத நோயாளி, வேலை கிடைக்காத இளைஞன், நேற்றுப் பிறந்த குழந்தை இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்?

25 நவம்பர் 2007இல் கோலாலம்பூரில் இந்து உரிமைகளுக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி நடந்தபோது, மக்கள் தூக்கிக்கொண்டு போன மனு பிரிட்டிஷ் தூதரகத்துக்கானது. எலிசபெத் அரசிக்கு எழுதப்பட்டது. விடுதலைக்கு ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு சமூகம் தன் குறையை லண்டனுக்கு முகவரியிட்டது. அரசியலில் அது ஓர் உத்தி. இங்கே கேட்க ஆள் இல்லை என்ற மனநிலையையும் அது காட்டியது. அந்த மனநிலையை அரசியல் கட்டுரைகளைவிட அதே காலத்துக் கவிதைகளில் நன்றாகப் பார்க்கலாம். கோயில் உடைபட்டதைப் பாடும் பல கவிதைகள் மனிதர்கள் யாரையும் அழைப்பதில்லை, மாரியம்மனை அழைக்கின்றன. பாரதி காளியை அழைத்ததற்கும் இதற்கும் உறவு இருக்கிறது.

மரமும் வந்ததுதான்

மூன்றாவது வகைக் கவிதைக்கு, அதாவது தனக்குள்ளும் தன் பிள்ளைகளிடமும் பேசும் கவிதைக்கு வருவோம். அதன் மையத்தில் மரம் நிற்கிறது.

ரப்பர் மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதன்று. பிரேசிலிலிருந்து 1876இல் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்தவற்றில் சில இலங்கை, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தன. 1877இல் ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் நகரில் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அரைமணி நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த மரத்தை யாரும் வந்தேறி என்பதில்லை. செம்பனையும் (எண்ணெய்ப்பனை) மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்; இன்று மலேசியாவில் எங்கும் பழகிய காட்சி அது.

மரத்தைப் பற்றி எழுதுவதும் மரத்திடம் பேசுவதும் ஒன்றில்லை. மரத்தின் பட்டையில் தன் தாயின் உளித்தழும்பைத் தேடும் கவிதைக்கு அரசாங்கமும் தேவையில்லை, தாயகமும் தேவையில்லை. ஆனால் அந்தத் தழும்பும் இப்போது இல்லை. அதற்கான காரணங்கள் மூன்று அலையாக வந்தன.

1. துண்டாடல். 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒன்றாக இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடமே தவணையில் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. தோட்டம் தொழிலாளிக்கே என்ற அந்த எண்ணம் ஒரு தலைமுறைக் கவிதைக்கு நம்பிக்கை கொடுத்தது.

2. பயிர் மாற்றம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள்கள் குறைவாகப் போதும்.

3. மேம்பாடு. 1980களுக்குப் பிறகு தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் மைதானங்களாகவும் மாறின. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு நகர்த்தப்பட்டன.

மூன்றாவது அலையை இரண்டாம் புலம்பெயர்வு என்றே சொல்ல வேண்டும். கடல் தாண்டிய முதல் பெயர்வைவிட இது கவிதையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. முதல் பெயர்வில் விட்டுவந்த ஊர் அங்கே இருந்தது. என்றாவது போய்ப் பார்க்கலாம். இந்த இரண்டாம் பெயர்வில் விட்டுவந்த இடமே இல்லாமல் போனது. தோட்டம் அழியும்போது பள்ளி போகும், கோயில் பெயரும், இடுகாடு மண்மேடாகும். விடுதலை பெற்றபோது 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500 சொச்சம். மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை சிறு தோட்டப் பள்ளிகள். இன்றைய மலேசியத் தமிழ்க் கவிஞர் ‘என் ஊர்’ என்று எழுதும்போது அது தஞ்சாவூரோ சேலமோ இல்லை. பெயர்ப்பலகைகூட மிஞ்சாத ஒரு தோட்டம் அது. இதைத் தெரிந்துகொள்ளாத தமிழ்நாட்டு வாசகர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம் ஊரைத்தான் சொல்கிறார் என்று நெகிழ்ந்துபோகிறார்.

எந்த அலமாரியில் வைப்பது?

1971இல் கோலாலம்பூரில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பிறகு, தேசியப் பண்பாட்டுக்கு அடிப்படை இந்த வட்டாரத்துப் பூர்வ மக்களின் பண்பாடு என்ற கொள்கை நிலைபெற்றது. இலக்கியத்தில் மலாய்மொழிப் படைப்பே ‘தேசிய இலக்கியம்’. 1981 முதல் வழங்கப்படும் தேசிய இலக்கியவாணர் விருது மலாய்மொழியில் எழுதுபவர்களுக்கு. தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது இனவாரி இலக்கியம்.

விளைவு இப்படி அமைகிறது: தமிழில் எழுதுகிறவர் நாட்டைப் பார்த்து எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அந்தக் கடிதம் சேருமிடம் சேராது. நாட்டுக்கு அது புரியாத மொழி. ஆகவே நாட்டை நோக்கிய கவிதையையும் தமிழர்களே வாசித்து, தமிழர்களே கைதட்டுகிறோம். தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளில் பாடப்படும், சீனி நைனா முகம்மது எழுதிய தமிழ் வாழ்த்து மொழியைத் தாயாக விளிக்கிறது. தாயகத்துத் தாய் தூரமாகி, நாடு காது கொடுக்காதபோது மொழியே அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. தமிழ்நாட்டவருக்கு மொழிப்பற்றாகத் தெரிவது இங்கே வேறொரு வேலையும் செய்கிறது: வீட்டு முகவரியாக நிற்கிறது.

மலாயிலும் தமிழிலும் எழுதக்கூடிய இளையவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். தமிழ்க் கவிதைகளை மலாய்மொழிக்குக் கொண்டுபோகும் வேலைக்கு இதுவரை கிடைத்த கவனம் போதாது. அது நடந்தால்தான் இரண்டாவது வகைக் கவிதைகள் போய்ச்சேர வேண்டியவரிடம் போய்ச்சேரும். இதற்குப் பணமும் பதிப்பகமும் தேவை. கவியரங்குகளுக்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்கு இங்கே வந்தாலே தொடங்கிவிடலாம்.

இன்று லயத்தில் இருப்பவர்

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்கள் உட்பட, நாட்டின் செம்பனைக் காடுகளில் இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்கதேசத்தவர், நேபாளிகள். நம் பாட்டன்மார் இருந்த லயத்தில், அல்லது அதை இடித்துக் கட்டிய குடியிருப்பில், இவர்கள் இருக்கிறார்கள். முகவருக்குக் கொடுத்த கடன் இவர்களின் கணக்கிலும் ஏறியிருக்கிறது. கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார் என்ற புகார் அடிக்கடி எழுகிறது. ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். இவர்களும் எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் 2014 முதல் புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்றே கவிதைப் போட்டி நடந்தது. வங்கதேசத்துக் கட்டுமானத் தொழிலாளிகள் அதில் பரிசு வென்றார்கள்.

இவர்களைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது கேட்கக் கிடைக்கும் சொற்கள் சில, நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்ட அதே சொற்கள். வேலையைப் பறித்தவர்கள், அழுக்கானவர்கள், எப்போது திரும்பிப் போவார்கள். மலேசியத் தமிழ்க் கவிதை இந்த ஆளை எப்படி அழைக்கிறது என்று தேடினால் கிடைப்பது குறைவு. ‘அவன்’ என்று படர்க்கையில் சில இடங்களில் வருகிறார். அடுத்த நிரையில் நிற்கும் ஆளாக நினைத்து ‘நீ’ என்று கூப்பிட்டுப் பேசும் கவிதைகள் மிகச் சில. நூறாண்டு தோட்டப் பாடல் மரபு கொண்ட ஒரு மொழிக்கு அந்தக் கவிதையை எழுதும் பக்குவம் இருக்கிறது. பால்காட்டு இருட்டில், முகம் தெரியாத ஒருவருக்குக் கேட்கட்டும் என்று குரல் கொடுத்தவர்களின் மொழி இது.